நாடியே இல்லாத மாமா

ஏற்காட்டுவாசி:
போன ஐப்பசி மழையில் நடந்தது. என் மாமாவுக்கு இதயம் பலவீனமாகி, சென்னையில் எல்வாட் (LVAD) என்கிற, இதயத்துக்குத் துணையாக ஓடும் பம்பு வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதயத்தை எடுத்துவிட்டு வைப்பதில்லை, அது உள்ளேயேதான் இருக்கும். இடது கீழறையின் நுனியில் பம்பு உட்கார்ந்து ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குத் தள்ளும். வயிற்றுத் தோலைத் துளைத்து ஒரு ஒயர் வெளியே வரும், இடுப்பில் கன்ட்ரோலர், இரண்டு பக்கமும் பேட்டரி. பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கிறார் என்று அத்தை கிண்டல் செய்வார்.

இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, எழுந்தால் தலைசுற்றல், கன்ட்ரோலரும் கத்த ஆரம்பித்தது. பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடினோம். நர்ஸ் பொண்ணு மணிக்கட்டைப் பிடித்தது, நாடி இல்லை. அடுத்த கையையும் பிடித்துப் பார்த்தது. பிபி மிஷின் இரண்டு முறை காற்றடித்து எரர் காட்டியதும் அந்தப் பொண்ணின் முகம் வெளுத்துவிட்டது. மாமா நிதானமாக, "என்னம்மா, நான் இருக்கேனா இல்லையா?" என்கிறார்! இந்தப் பம்பு துடிக்காது, விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் பலருக்கு நாடி கைக்குச் சிக்காது, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கண்டுபிடிக்கும் டாப்ளர் கருவி வைத்துத்தான் பிபி பார்க்க வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்தார். லப்டப் இல்லை, அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடுவது போல ஒரு ரீங்காரம். சென்னைக்கு போன் போட்டுக் கொடுத்த பிறகு விஷயம் புரிந்தது: உடம்பில் நீர் வற்றி, பம்புக்கு வரும் ரத்தம் குறைந்திருக்கிறது. சலைன் ஏற ஏறக் கத்தல் நின்றது.

அன்று ராத்திரியே மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மாமாவின் பம்பு ஹார்ட்மேட் 3 என்கிற வகை, அதன் பேட்டரி ஜோடி புதிதாக இருந்தால் 17 மணி நேரம் வரை தாங்கும், ஆனால் யார் அதை நம்பி உட்கார்ந்திருப்பது? சார்ஜரையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் அஸ்தம்பட்டிக்குப் போய்விட்டோம். பேட்டரியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. அத்தைக்கு இப்போது அது கண்ணை மூடிக்கொண்டு வரும்.

சூரமங்கலம் பொண்ணு:
அண்ணா, எங்க அப்பாவுக்கு மாரடைப்பு வந்தப்போ வைத்தது பலூன் பம்பு, நாலே நாள்தான். தொடை வழியாக மகாதமனிக்குள் விடுவார்கள். இதயம் தளரும்போது ஹீலியத்தில் ஊதும், சுருங்கப் போகிற நேரத்தில் டப்பென்று அடங்கிவிடும். அப்பாவுக்கு வலியைவிட, காலை மடக்கக் கூடாது என்பதுதான் பெரிய கொடுமை. ராத்திரி முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாமா கீரை சாப்பிடலாமா?

ஏற்காட்டுவாசி:
சாப்பிடலாம்மா, அளவு மாறக் கூடாது, அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறார், ஒரு வாரம் கீரையே இல்லை, மறுவாரம் கட்டுக்கட்டாக என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறி இறங்கும். இப்போது அவர் சட்டைப் பையில் அட்டை ஒன்று வைத்திருக்கிறோம், "நாடி கிடைக்காது, பயப்படாதீர்கள்" என்று.