மாயா டெரன் படம் பார்த்தவங்களுக்கு: எந்த இடம் இன்னும் உறுத்துது?

கெடிலக்கரை:
அமெரிக்கச் சோதனைப்பட இயக்குநர் மாயா டெரனைப் பத்தி மார்ட்டினா குட்லாச்செக் எடுத்த ஆவணப்படம் ‘இன் தி மிரர் ஆஃப் மாயா டெரன்’ இங்க பாதிப் பேர் பார்த்தாச்சு, அதனால கதை சொல்லல. மாயாவோட முதல் படத்துல வர்ற கண்ணாடி முகம், சாவி, ரொட்டிக்கத்தி எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு விடாதது, அவ கரீபியன் நாடு ஹெய்ட்டியில எடுத்த பகுதி.

மாசி மகம் முடிஞ்ச மறுநாள். தேவனாம்பட்டினத்துல எங்க வீட்டுல ரெண்டாவது தடவை லேப்டாப்புல ஓட்டிட்டிருந்தேன். பக்கத்துல ஆயா முறத்துல முருங்கைக்கீரை ஆய்ஞ்சிட்டிருந்தாங்க. மேளம், வெள்ளை உடுப்பு போட்ட பொம்பளைங்க, நடுவுல ஒருத்தி கால் தடுமாறுறா. ஆயா கீரைய வெச்சிட்டு நிமிர்ந்தாங்க. “யாரு வந்திருக்கா அவ மேல?”

எந்த ஊரு, என்ன படம்னு ஒரு வார்த்தை கேக்கல. ஹெய்ட்டி, வோடுங்கிற வழிபாடு, அங்க சாமிய ‘லோவா’ம்பாங்கன்னு நான் ஆரம்பிச்சேன். அதை அவங்க காதுலயே வாங்கல. “பின்னால புடிக்க ஆள் நிக்குது பாரு. நல்ல ஊருதான்.” அதுக்குள்ள ஷாட் மாறிடுச்சு. “மலையேறுனப்புறம் அவளுக்குத் தண்ணி குடுத்தாங்களா?” பின்னால ஓட்டிப் பார்த்தேன். அந்த ஷாட்டுல அது இல்ல. “மெஷின் புடிச்சிட்டு நின்னாளே, அவளாவது குடுத்தாளா?”

மூணு வாரமா இதே நினைப்பு. 1947ல குகன்ஹைம் அறக்கட்டளை உதவிப் பணத்துல அங்க நடனம் படம் பிடிக்கப் போனவ மாயா. ஏறக்குறைய 20,000 அடி எடுத்தும் உயிரோட இருந்த வரைக்கும் அதை ஒரு படமா முடிக்கவே இல்ல. 1953ல புத்தகமாத்தான் எழுதினா. கலைஞரா வளைச்சு உருவாக்க வந்தேன், கடைசியில என் வேலையெல்லாம் கீழ வெச்சிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுறேன்னு முன்னுரையில சொல்றா. இப்ப ‘டிவைன் ஹார்ஸ்மென்’னு கிடைக்கிற படம், அவ செத்தப்புறம் கணவர் டெய்ஜி இட்டோவும் செரல் இட்டோவும் தொகுத்தது. ஆயா கேட்ட கேள்வி அவளுக்கும் அங்க வந்திருக்குமோ?

பதினாறு எம்எம்:
20,000 அடின்னு சும்மா சொல்லிட்டுப் போயிட்டீங்க. 16 எம்எம் நிமிஷத்துக்கு 36 அடி ஓடும். கணக்குப் போட்டா ஒன்பது மணி நேரத்துக்கு மேல. அவங்க போலெக்ஸ் சாவி கொடுக்கிற கேமரா. முழுசா முறுக்கினாலும் அரை நிமிஷம் தாங்காது, திரும்ப முறுக்கணும். சாமியாடுற இடத்துல, மேளத்துக்கு நடுவுல எத்தனை தடவை முறுக்கியிருப்பாங்க!

நான் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கமெல்லாம் திரை கட்டிப் படம் காட்டினவன். மாயாவோட அப்பா இறந்து, அவர் விட்டுட்டுப் போன பணத்துலதான் அந்தப் பழைய போலெக்ஸை வாங்கினாங்க. அதுலதான் 1943ல முதல் படம். இது தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க அப்பா வாங்கிக் கொடுத்த புரொஜெக்டரை நான் கிலோ கணக்குல போட்டவன். பழைய இரும்புக்காரர் தராசுல வைக்கிறதுக்கு முன்னால லென்ஸைக் கழட்டி என் பையன் கையில கொடுத்தார். “விளையாடு தம்பி”ன்னார். அதுல வெயிலைக் குவிச்சு எறும்பைச் சுட்டுட்டிருந்தான்.

உப்புக்காத்து:
நான் சொல்றது மாயாவோட ‘அட் லேண்ட்’ படத்துத் துண்டு, 1944. மாயா கரையில கிடப்பா, அலை பின்பக்கமா உருண்டு கடலுக்குள்ள போகும். படத்தைத் தலைகீழா ஓட்டுன வித்தைதான், தெரியுது. அப்புறம் கட்டையைப் பிடிச்சு ஏறுறா, மேல பெரிய விருந்து மேசை, அதுல அவ தவழ்ந்து போறா, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல.

நான் மேசை வரைக்கும் போகல. 2004 டிசம்பர் 26 அன்னிக்கு எங்க கரையில தண்ணி திரும்பிப் போனப்ப நான் அங்க இருந்தேன். நிறுத்திட்டு வெளிய வந்து உக்காந்துட்டேன். இன்னும் மிச்சம் பார்க்கல.

மிஷன் வீதி:
முதல் பதிவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஹெய்ட்டி வோடுவையும் நம்மூர் அருள்வாக்கையும் ஒரே முறத்தில் போட்டுப் புடைக்காதீர்கள். அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் காத்த வழிபாடு, அதற்கென்று தனி வரலாறு இருக்கிறது. அடுத்து, 1943ல் ‘முதல் படம்’ என்று மாயா பெயரை மட்டும் எழுதுகிறார் ஆபரேட்டர் ஐயா. ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ அவரும் அப்போதைய கணவர் அலெக்சாண்டர் ஹமீதும் சேர்ந்து எடுத்தது. ஹமீத் பழுத்த ஒளிப்பதிவாளர். நாம் கேட்கும் இசையும் 1959ல் டெய்ஜி இட்டோ சேர்த்தது, அதுவரை ஊமைப்படம்.

என் அனுபவம் சின்னது. பாண்டியில் ஒரு மொட்டை மாடித் திரையிடல். இன்னொரு சோதனைப்பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் அந்த ஃபிரிட்ஜ் கதையைச் சொல்கிறாரே, கல்யாண வீட்டில் சாமி வந்து மாயா ஃபிரிட்ஜையே தூக்கி எறிந்தார் என்று. மாடியே சிரித்தது. எனக்கு எரிச்சல். ஹாலிவுட் உதட்டுச்சாயத்துக்குச் செலவழிக்கிற காசில் படம் எடுக்கிறேன் என்று சொன்னவர், 1946ல் தானே அரங்கை வாடகைக்கு எடுத்துப் படம் காட்டியவர், 44 வயதில் போய்விட்டார். ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது ஃபிரிட்ஜை!

பதினாறு எம்எம்:
ஹமீத் பேரை விட்டது தப்புதான். ஆனா அடுத்து வந்த ‘அட் லேண்ட்’ மாயா தனியா இயக்கினது. அதையும் எழுதுங்க மிஷன் வீதி.

பரண்மேல்:
எல்லாருக்கும் ஒரு விஷயம். 2011 டிசம்பர் 30, தானே புயல்ல எங்க வீட்டு ஓடு பறந்து அக்கா கல்யாண கேசட் நனைஞ்சுது. அவ்வளவுதான் என் கதை. இப்ப கேளுங்க. கேசட்டுல வெள்ளையா நூல் மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. அதைப் பிளேயர்ல போட்டுப் பார்க்காதீங்க, ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொத்தும். பழைய பிலிம் ரோல்ல காடி வாசனை அடிச்சா பிலிமோட அசிடேட் சிதையுதுன்னு அர்த்தம், அதைத் தனியா எடுத்து வைங்க, மத்த ரோலையும் கெடுக்கும். கேசட்டை, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பை போட்டு மூடி வைங்க, மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, நம்ம கடல்காத்துக்கு ஒரு பை பத்தாது. கீழ்வீட்டு பீரோவுல வைக்காதீங்க, வெள்ளம் வந்தா முதல்ல அதுதான். டிஜிட்டல் ஆக்குனா ரெண்டு காப்பி, ஒண்ணு வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுல. கெடிலக்கரை, நீங்க ஆயா குரலையும் பதிவு பண்ணிடுங்க. கேமரா வேணாம், கூச்சப்படுவாங்க. போனை முறத்துக்குப் பக்கத்துல வெச்சு ஃபேனை நிறுத்திடுங்க. மாயாவே ஹெய்ட்டியில மேளத்தையும் பாட்டையும் கம்பியில பதியற கருவியில எடுத்தவதானே. யாரும் கேக்கலன்னு தெரியும், இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு.

கெடிலக்கரை:
பரண்மேல் அண்ணா, போனை எடுத்தாலே ஆயா முந்தானையால மூஞ்சிய மூடிக்கிறாங்க. கேமரா இல்லன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க.

மிஷன் வீதி, ஒரே முறத்துல போட்டது நான் இல்ல, ஆயாதான். வரலாறு வேறதான், ஒத்துக்கறேன். நேத்து அந்த ஃபிரிட்ஜ் கதைய அவங்ககிட்ட சொன்னேன், சிரிப்பாங்கன்னு நினைச்சேன். சிரிக்கல. “கல்யாண வீட்டுல யாரோ மரியாதை குறைச்சிருக்காங்க”ன்னாங்க. அப்புறம் வழக்கம்போல, “அன்னிக்காவது தண்ணி குடுத்தாங்களா?” தெரியலயேன்னேன். “என்னடி படம் பாக்குற நீ, யாரும் யாருக்கும் ஒரு சொம்புத் தண்ணி குடுக்காத படம்”னு முறத்தைத் தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க.