சுகர், முட்டுவலி இரண்டும் இருக்கும் அம்மாவுக்கு என்ன பயிற்சி? யாரைப் பார்ப்பது?

முக்கூடல்காரன்:
அம்மாவுக்கு 57 வயது. சுகர் பல வருசமாக இருக்கிறது, இப்போது முட்டுவலியும் சேர்ந்துகொண்டது. காலையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். டாக்டர் "நல்லா நடங்கம்மா" என்கிறார். நாலு நாள் நடப்பார்கள், முட்டு வீங்கும், விட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் நோய்க்குத் தக்கபடி பயிற்சி கொடுக்கத் தனி நிபுணர்களே உண்டாமே, நம்ம ஊரில் யாரிடம் போவது?

பாளை பிசியோ:
தம்பி, நம்ம பக்கம் அந்த வேலையைப் பிசியோதெரபிஸ்ட்தான் பார்க்கிறோம். "நடங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு எப்போதுமே வருத்தம்தான், ஏனென்றால் மாத்திரைக்கு அளவு எழுதித் தருகிறவர்கள் நடைக்கு மட்டும் எழுதுவதில்லை. அம்மாவுக்கு முதலில் தொடைத்தசை பலப்பட வேண்டும், அப்போதுதான் முட்டின் மேல் விழுகிற பாரம் குறையும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டுக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து, ஐந்து எண்ணும்வரை கீழே அழுத்தச் சொல்லுங்கள். அது பழகினதும், உயரமான நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. வலி கொஞ்சம் இருக்கலாம், ஆனால் மறுநாள் காலையிலும் குறையவில்லை என்றால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

நடை ஒரேயடியாக அரை மணி நேரம் வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் போதும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சுகர் அதில் குறையும். நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். அப்புறம், இரண்டு கட்டு பீடி கட்டியதும் தட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து நிற்கட்டும். இது சின்ன விசயம் இல்லை.

தாமிரபரணிக்கரை அக்கா:
கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள் தம்பி, பயிற்சி கூடினால் சுகர் 70க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கி வேர்த்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் வெறுங்காலோடு நடக்கவே விடாதீர்கள், எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடித்தளம் உள்ளது) வாங்கிக் கொடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகுதான் எதுவும்.

மெல்போர்ன் நெல்லையன்:
நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆஸ்திரேலியாவில் அதற்கென்று நாலு வருசப் பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறது. குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்தால் வருசத்துக்கு ஐந்து அமர்வுக்கு மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு காசு தரும். இங்கே முதல் நாள் பெரும்பாலும் பயிற்சியை விட விசாரணைதான்: என்ன மாத்திரை, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறார். சில வாரம் கழித்து அதையே திரும்ப எடுத்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்கள். அம்மாவுக்கும் வீட்டிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பாளை பிசியோ:
முக்கூடலிலிருந்து அலைய முடியாவிட்டால் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ பார்ப்பதும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முக்கூடல்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, அக்கா. அட்டையைப் பார்த்தேன், கிளிமிபிரைடுதான் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் காலை நடை மாத்திரை போட்டுச் சாப்பிட்ட பிறகுதானே?

தாமிரபரணிக்கரை அக்கா:
ஆமாம், சாப்பிட்ட பிறகுதான். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். முந்தானையில் ரெண்டு குளுக்கோஸ் பொட்டலம் முடிந்து விடுங்கள்.