பார்பரா ஜோர்டன் தன் செனட் தொகுதியைப் பலி கொடுத்தாரா?

மேற்குவாசல்:
அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் கறுப்பினத் தலைவர் பார்பரா ஜோர்டன் என்றாலே எல்லாரும் 1974-ல் அதிபர் நிக்சனின் பதவிநீக்க விசாரணையில் அவர் பேசிய பேச்சைத்தான் எடுத்துப் போடுகிறீர்கள். அதற்கு முன்னால் டெக்சாஸ் மாநில செனட்டில் ஆறு வருடம் இருந்தாரே, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 1971-ல் தொகுதி மறுவரையறை. ஹூஸ்டனில் அவருக்குத் தோதாக ஒரு நாடாளுமன்றத் தொகுதி பிறந்தது. மறுவரையறைக் குழுவின் துணைத்தலைவர் அவரேதான்! அதே சமயம் அவர் காலி செய்யப்போகும் செனட் தொகுதி, கறுப்பினத்தவர் ஓட்டு சிதறும்படி வெட்டப்பட்டது. அந்த இடத்துக்குக் காத்திருந்த கறுப்பின மாநிலக் கீழவை உறுப்பினர் கர்டிஸ் கிரேவ்ஸ், எங்களை விற்றுவிட்டார் என்று கொதித்தார். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தார் என்பேன் நான்.

செங்காந்தள்:
பாதிக் கதை சொல்கிறீர்கள். செனட் கோடுகளைக் கடைசியில் போட்டது சட்டமன்றமே இல்லை. அங்கே இழுபறியாகி, ஐந்து பேர் கொண்ட மறுவரையறை வாரியத்திடம் போனது. அதில் ஜோர்டன் கிடையாது. அப்புறம், 1972 உட்கட்சித் தேர்தலில் இதே குற்றச்சாட்டோடுதான் கிரேவ்ஸ் அவரை எதிர்த்து நின்றார். ஏறத்தாழ 80 சதவீத ஓட்டு ஜோர்டனுக்கு. ஹூஸ்டன் மக்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

மேற்குவாசல்:
வாரியத்தில் இருந்த பென் பார்ன்ஸ் யார்? துணை ஆளுநர், ஜோர்டனின் நெருங்கிய கூட்டாளி. துணைத்தலைவர் பதவி தந்ததும் அவர்தான். ஓட்டு விழுந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

நடுநிசி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜோர்டன் எங்கிருந்து வந்தார் என்பதையும் பாருங்கள். சட்டம் படித்துவிட்டு வந்து, பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே வக்கீல் தொழில் தொடங்கியவர். 1962, 1964 மாநிலக் கீழவைத் தேர்தல்கள் இரண்டிலும் தோல்வி. அப்போது ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி (மாவட்டம்) முழுக்க ஓட்டு கேட்க வேண்டும், வெள்ளையர் ஓட்டில் கரைந்துபோனார். நீதிமன்றம் தலையிட்டுத் தனித் தொகுதிகள் வந்த பிறகுதான் 1966-ல் மாநில செனட்டுக்கு ஜெயித்தார். கோடு எங்கே விழுகிறது என்பதன் அருமை அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே எனக்கும் அந்த 1971 விவகாரம் கொஞ்சம் உறுத்துகிறது.

செங்காந்தள்:
உறுத்தட்டும். 31 பேர் உள்ள அவையில் ஒரே கறுப்பினத்தவர், ஒரே பெண். 1883-க்குப் பிறகு அங்கே கறுப்பினத்தவர் யாரும் உட்காரவில்லை. முறைத்துக்கொண்டு நின்றால் ஒரு மசோதா நகருமா? மாநிலத்தின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர் கொண்டுவந்தது. பார்ன்ஸோடு காபி குடித்ததால் கிடைத்தது என்றால், குடிக்கட்டுமே. அதே அவை 1972-ல் அவரைத் தற்காலிகத் தலைவர் ஆக்கியது. ஜூன் 10 அன்று ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்தில் இல்லாததால் ஒருநாள் ஆளுநரும் ஆனார். விழாவுக்கு வந்திருந்த அப்பா அங்கேயே மயங்கி விழுந்து மறுநாள் இறந்துபோனார். மகளைப் பார்த்துவிட்டுப் போனார் என்று நினைத்துக்கொள்வேன்.

மேற்குவாசல்:
அப்பா விஷயம் மனதைத் தொடுகிறது, அதில் வாதம் இல்லை. ஆனால் 1975-ல் டெக்சாஸின் முன்னாள் ஆளுநர் ஜான் கானலி மீதான லஞ்ச வழக்கில் அவருக்கு நற்சான்று சாட்சி சொல்லப் போனாரே? கானலி அதற்குள் குடியரசுக் கட்சிக்குத் தாவிவிட்டிருந்தார். அதையும் மசோதா நகர்த்தவா செய்தார்?

செங்காந்தள்:
கானலி விடுதலையானார் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றபடி, அந்தச் சாட்சியை நானும் ரசிக்கவில்லை.