மாஸ்டாவோட ஆர்எக்ஸ்-7 எஃப்டி ஸ்போர்ட்ஸ் காரை நேர்ல பார்த்தவங்க, உட்கார்ந்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கவாசாகி குமரன்:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. யோகோஹாமாவுல கார் பிரியர்கள் கூடுற டைகோகு பார்க்கிங், ஞாயித்துக்கிழமை காலை. எல்லாரையும் போல நானும் நிசான் ஜிடி-ஆர் கார் வரிசையைப் பார்த்துட்டு நின்னேன். பின்னாடி ஒரு மஞ்சள் எஃப்டி வந்து நின்னுச்சு. ஓட்டினவருக்கு அறுபது தாண்டியிருக்கும். சாவியை உருவினார், இறங்கினார், கதவைச் சாத்திட்டு காபி மெஷின் பக்கம் போயிட்டார். வண்டி பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு! பதறிப்போய் ஓடி, தெரிஞ்ச அரைகுறை ஜப்பானீஸ்ல சொன்னேன். மனுஷன் சிரிச்சுட்டு விரலை மடக்கினார். மூணு, ரெண்டு, ஒண்ணு. நின்னுடுச்சு. இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற டர்போ சூடு ஆறுறதுக்கு டைமர் வச்சிருக்காராம்.

அப்புறம் பானெட்டைத் திறந்து காட்டினார். இன்ஜினைத் தேடித்தான் கண்டுபிடிச்சேன். முன் அச்சுக்குப் பின்னால, தாழ்வா, பள்ளத்துல வச்ச குடம் மாதிரி. வெறும் 1.3 லிட்டர். நம்மூர்ல முன்னாடி வித்த ஸ்விஃப்ட் டீசலும் 1.3 தான், 75 குதிரை. இது கடைசி மாடல்ல 280!

ரோட்டர் ராஜா:
குமரன், 1.3னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க. இது ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்தும். 654 சிசி வீதம் ரெண்டு ரோட்டர், அதனால 1308ன்னு பேப்பர்ல இருக்கு. ஆனா ஷாஃப்ட் ஒரு சுத்து சுத்தினா ரெண்டு ரோட்டரும் ஆளுக்கு ஒரு தடவை வெடிக்குது. சாதா பிஸ்டன் இன்ஜின்ல அதே வேலைக்கு 2.6 லிட்டர் வேணும். ஜப்பான் வரி ஆபீஸே ஏமாறல, ரோட்டரிக்கு 1.5 ஆல பெருக்கித்தான் வரி. என்கிட்ட இருக்கிற இன்னொரு ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8க்கு வந்த வரி ரசீதைப் பார்த்துதான் எனக்கே தெரிஞ்சுது. ஸ்விஃப்ட்டை எல்லாம் இழுக்காதீங்க ப்ளீஸ்.

மலைப்பாம்பு:
நான் பக்கத்து சீட்ல உட்கார்ந்தவன். ஹக்கோனே மலைப்பாதை ஏத்தம். 4500 ஆர்பிஎம் கிட்ட ஒரு சின்ன தயக்கம், மூச்சைப் பிடிச்ச மாதிரி. அப்புறம் ரெண்டாவது டர்போ சேர்ந்துச்சு பாருங்க, கையில இருந்த போன் மடியில விழுந்துடுச்சு. அதிர்வே கிடையாது, சத்தம் மட்டும் ஏறிட்டே போகுது. நண்பன் மிதிக்கிறதை நிறுத்தவே இல்ல. 8000 வர்றதுக்குள்ள டேஷ்போர்டுல 'பீப்'னு ஒரு சத்தம். ஏதோ உடைஞ்சு போச்சுன்னே நினைச்சேன். கியர் மாத்துங்கன்னு வண்டியே சொல்லுதாம். இன்ஜின் அவ்வளவு வழுக்கலா ஏறுறதால ஓட்டுறவனுக்கே தெரியாதாம்.

ஹிரோஷிமா தம்பி:
மாஸ்டா மியூசியத்துல 787பி ரேஸ் கார் முன்னாடி பத்து நிமிஷம் நின்னேன். 1991 லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல ஜெயிச்சது, நாலு ரோட்டர். கடைசி சுத்து வரைக்கும் ஓட்டின ஜானி ஹெர்பர்ட் உடம்புல தண்ணி வத்தி, மேடை ஏறவே முடியல. அதுக்கப்புறம் இன்னொரு ஜப்பான் கம்பெனி அங்க ஜெயிக்க 2018 ஆச்சு. எனக்கு அதைவிட '60கள்ல ரோட்டரியை உருவாக்க மாஸ்டா இன்ஜினியர் யமமோட்டோ கெனிச்சி குழு பட்ட பாடுதான் பெருசு. ரோட்டர் முனை சீல் உள்சுவரை அலை அலையா கீறிடும், 'பேயோட நகக்கீறல்'னு பேர் வச்சாங்க. கார்பன் சீல் போட்டுத்தான் அடங்குச்சு.

பழைய மெக்கானிக்:
நான் ஒரே ஒரு எஃப்டிதான் கை வச்சிருக்கேன், அதுவும் சீல் போனது. அந்த வாசனை மறக்காது, பாதி எரிஞ்ச பெட்ரோல். குமரன் தம்பி, வாங்குறதா இருந்தா கேட்டுக்கோங்க. முதல்ல கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் உள் அழுத்தம் பாருங்க, இன்ஜின் நல்லா சூடான பிறகு. சாதா கேஜ் வேண்டாம், ரோட்டரோட மூணு முகத்துல எது ஒசத்தியோ அதை மட்டும்தான் காட்டும், ரோட்டரி டெஸ்டர் வேணும். ஆயில் குறையுதுன்னு பயப்படாதீங்க, சீலுக்காக இன்ஜினே உள்ள தெளிச்சு எரிக்குது, வாராவாரம் டிப்ஸ்டிக் பாருங்க. குளிர்ல ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி நகர்த்திட்டு உடனே அணைக்காதீங்க, பெட்ரோல் ரொம்பிடும், மறுபடி எடுக்காது. கூலன்ட் சூடு மீட்டரை நம்பாதீங்க, ரொம்ப நேரம் நடுவுலயே நின்னு ஏமாத்தும், தனி மீட்டர் போடுங்க. டர்போ பூஸ்ட்டை ஏத்தாதீங்க. ஒரு தடவை நாக்கிங், அதாவது பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிக்கிறது, வந்தா சீல் காலி, இன்ஜினை இறக்கணும். அப்புறம் டர்போவைக் கட்டுப்படுத்துற அந்த வேக்யூம் ஹோஸ் குழாய்ங்க இருக்கே, எலிக்கூடு மாதிரி...

கவாசாகி குமரன்:
அண்ணே, வாங்கப் போறேன்னு நான் எங்க சொன்னேன்? என் வாடகைக்கே சம்பளம் சரியாப் போகுது.

ராஜா, ஸ்விஃப்ட்டை வாபஸ் வாங்கிட்டேன்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அந்தப் பெரியவர் மெஷின்ல ரெண்டு காபி டின் வாங்கிட்டு வந்தார். ஒண்ணு எனக்கு.