பழைய மாசி பெர்குசன் 290: கூலிமுக்குப் போய் எதைப் பார்ப்பது?

செம்பனை_பாஞ்சோர்:
வணக்கம். புக்கிட் பாஞ்சோர் அடிவாரத்தில் 14 ஏக்கர் செம்பனை. குலை ஏற்றிய டிரெய்லரை இழுக்கவும் புல் வெட்டவும் ஒரு டிராக்டர் வேண்டும். கூலிமில் மாசி பெர்குசன் 290 ஒன்று விலைக்கு இருக்கிறது. இரு சக்கர ஓட்டம், மீட்டரில் 4,200 மணி, புதுப் பெயின்ட். ஞாயிறு காலை போகிறோம். எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தால் போதுமா?

பட்டறை_பிஎம்:
போதாது தம்பி. போனதும் எஞ்சின் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்னமே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும், இல்லையென்றால் வேறொரு நாள் வாருங்கள். நம் ஊர் வெக்கைக்கு நல்ல எஞ்சின் ஹீட்டரோ ஸ்பிரேயோ இல்லாமல் சில சுற்றிலேயே பிடிக்கும். வெள்ளைப் புகை ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் கவலை இல்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கலாம். துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது.

ரேடியேட்டர் மூடியை மட்டும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே, ஸ்டார்ட் பண்ணும் முன் திறந்து பாருங்கள். தண்ணீர் மேல் ஆயில் படலம் மிதக்கக் கூடாது.

மீட்டரை நம்ப வேண்டாம். எஞ்சின் சுற்றை வைத்து ஓடும் மீட்டர் அது, மெதுவாக ஓட்டினால் மணியைக் குறைத்தே காட்டும். கேபிள் அறுந்தால் நின்றே போகும். கிளட்ச் பெடலின் வரிகள் தேய்ந்து வழவழப்பாகி, பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் ஆர்ம் முனையில் இருக்கும் உருண்டைகள் லொடலொடவென ஆடினால் 4,200 என்பது பொய்.

ஜாவி_தோட்டம்:
எஞ்சினைவிடப் பின்பாதிதான் முக்கியம். இந்த மாடலில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், ஹைட்ராலிக் பம்பும் அந்த ஆயிலுக்குள்ளேதான் மூழ்கிக் கிடக்கிறது. கியர் லீவர் ரப்பர் கிழிந்த வண்டி வருடக்கணக்கில் மழையில் நின்றிருந்தால் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. தெளிவாகத் தெரிந்தாலும் அதோடு விடாதீர்கள். இரவு முழுக்க அசையாமல் நின்ற வண்டியில், காலையில் கியர்பாக்ஸ் அடியில் ஆயில் வடிக்கும் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள். அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் சொட்டும். விற்பவர் மறுத்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து லிஃப்ட். கனமான புல்வெட்டியை மாட்டி முழுக்கத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டபடியே அப்படியே தூக்கி வைத்திருங்கள். சில நொடிக்கு ஒருமுறை ஆர்ம் தலையாட்டினால் உள்ளே சிலிண்டர் சீலிலோ வால்விலோ கசிவு. இறங்கியதைப் பம்ப் திரும்பத் திரும்ப ஏற்றுகிறது. ஆயில் நன்றாகச் சூடான பிறகு இதை இன்னொரு தடவை செய்யுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்து கசிவை மறைத்துவிடும்.

கிளட்சுக்கு, சமதரையில் மேல் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் தட்டு வழுக்குகிறது, அதை மாற்ற டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரே தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்து தட்டை எரிக்காதீர்கள்.

டீசல்கை:
அடிவாரம் என்று சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 290-இல் சில வண்டிகளில் மல்டிபவர் (கிளட்ச் மிதிக்காமலே ஹை, லோ மாற்றும் வசதி) உண்டு, டேஷ்போர்டு பக்கம் ஹை-லோ என்று தனி லீவர் இருக்கும். லோவில் இருக்கும்போது சரிவில் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, சைக்கிள் மாதிரி உருண்டு ஓடும். குலை நிறைந்த டிரெய்லர் பின்னால் தள்ளும்போது பிரேக் மட்டுமே மிச்சம். சரிவில் இறங்கும் முன்பே ஹைக்கு மாற்றி, கீழ் கியரில் போட வேண்டும். கியரில் போட்டு நிறுத்துவதும் பத்தாது, ஹேண்ட்பிரேக் கட்டாயம். ஓட்டப் போகிறவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சோதிக்க: ஆயில் சூடான பின் லேசான ஏற்றத்தில் லோவிலிருந்து ஹைக்கு மாற்றுங்கள். உடனே இழுக்க வேண்டும், தயங்கினால் உள் கிளட்ச் போய்விட்டது.

புதுப் பெயின்ட் என்பதால் டார்ச் எடுத்துப் போங்கள். இந்த டிராக்டருக்குத் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றும் போல்ட்டில் இணைந்து நிற்பதுதான் முதுகெலும்பு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் விளிம்பில் வெல்டிங் தடம், கோடு போல விரிசல், போல்ட்டைச் சுற்றித் துருக்கசிவு இருந்தால் அதோடு திரும்பி வந்துவிடலாம். பொட்டாஷ் உரம் ஏற்றிய வண்டியில் பின் ரிம்மின் வால்வு துளைப் பக்கம் அரித்திருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். முன் அச்சின் நடுவில் ஜேக் வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் புஷ் தேய்மானம் கையிலேயே தெரியும்.

செம்பனை_பாஞ்சோர்:
மிக்க நன்றி அண்ணே, மூவருக்கும். நீலப் புகை வந்தால் வேண்டாம் என்றே முடிவெடுக்கலாமா?

ஜாவி_தோட்டம்:
அவசியமில்லை. பெர்க்கின்ஸ் நான்கு சிலிண்டர் எஞ்சின் அது, கைப்பழக்கம் உள்ள பட்டறைகள் உண்டு. பின்பாதி சுத்தமாக இருந்தால் ஓவர்ஹால் செலவைக் கழித்து விலை கேளுங்கள். எஞ்சின் அருமையாக ஓடி கியர்பாக்ஸ் ஆயில் பால்நிறத்தில் இருந்தால்தான் நான் வாங்க மாட்டேன்.

பட்டறை_பிஎம்:
ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்று: குலையோடு சாலையில் ஏறுவீர்கள் என்றால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு வேண்டும். கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். பெயின்ட் மூடியிருந்தால் தின்னர் துணியால் துடைத்துப் படியுங்கள். முன்பணம் அதற்குப் பிறகுதான்.