செல்லரித்த கல்யாணப் படத்தைச் சரிசெய்த அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

டெல்டாக்காரன்

மன்னார்குடிப் பக்கம் ஒரு டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதான் சோறு போடுகின்றன. அஞ்சலி போஸ்டருக்கு ரேஷன் கார்டிலிருந்து நகம் அளவு படத்தைக் கொண்டுவந்து, "இதைப் பெரிசாக்கி, பட்டுப் புடவை கட்டின மாதிரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். பழைய படங்களைச் சரிசெய்யும் வேலை எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த வழியில்தான்.

2018 நவம்பரில் கஜா அடித்து ஓய்ந்த பிறகு இந்த வேலை கூடிப்போனது. ஓடு பறந்து, சுவரில் மாட்டிய படத்துக்குள் மழை இறங்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. அப்படி நனைந்த ஒரு கல்யாணப் படத்தைப் பெரியவர் ஒருவர் புயலுக்குப் பல காலம் கழித்துக் கொண்டுவந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அவருடைய அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா பக்கத்தில் நிற்கிறார். நனைந்ததில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் சட்டத்தின் பின்பக்கம் செல் ஏறி, கீழ்ப்பகுதியையும் அம்மாவின் ஒரு பக்கக் கன்னத்தையும் தாடையோடு தின்றுவிட்டது. மிச்சம் இருந்த இடத்தில் தேநீர் கொட்டியதுபோலப் பழுப்புக் கறை.

"கண்ணாடிய உடைச்சு எடுத்துடலாமா தம்பி?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்தப் படங்களில் உருவம் இருப்பது காகிதத்தில் இல்லை. அதன் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில்தான் வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. ஈரம் பட்டால் ஜெலட்டின் பசையாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் காகிதம் நம் கைக்கு வரும், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

கடையில் இருந்த பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரும் உதவவில்லை. அந்த வகைக்குக் குவிய ஆழம் மிகக் குறைவு, அதாவது ஸ்கேனரின் பரப்பில் ஒட்டியிருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். நடுவில் ஒரு கண்ணாடி வந்தாலே மங்கிவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டிப் படமெடுத்தேன். துணி இல்லாவிட்டால் என் சட்டைதான் அம்மாவின் புடவைமேல் பிரதிபலிக்கும்.

கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கறுப்பு வெள்ளையாகவே எடுத்துவிடாதீர்கள். கலரில் எடுங்கள், கறையை நீக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. மஞ்சள், பழுப்புக் கறைகள் நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியை ஏறக்குறைய விட்டுவிடும். அதனால் போட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தின் மூன்று நிறப் பதிவுகளான சேனல்களையும் தனித்தனியாகத் திறந்தால், நீலத்தில் கோரமாகத் தெரியும் கறை சிவப்பில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அந்தச் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டேன். பாதி வேலை அங்கேயே முடிந்தது. நீலப் பேனா மை சிந்திய படமாக இருந்தால் நேர்மாறு, நீலச் சேனலைப் பாருங்கள்.

கீறல், புள்ளிகள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து இடத்தோடு கலந்து கீறலை மறைக்கும் ஹீலிங் பிரஷ் 2002இல் வந்த போட்டோஷாப் 7இலேயே வந்துவிட்டது. பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரங்களில் மட்டும் அது ஈஷிவிடும், அங்கே ஒரு இடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப் பிடியுங்கள். எதையும் அசல் லேயரின் மேல் செய்யாதீர்கள், அதன்மேல் தனி அடுக்கு வைத்துச் செய்யுங்கள். புடவையின் ஜரிகைக் கரையை மேலே நன்றாக இருந்த இடத்திலிருந்து எடுத்து, கொசுவத்தின் மடிப்புக்கு ஏற்ப வளைத்து ஒட்டினேன். ஒட்டிய இடம் மழமழவென்று பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. மற்ற இடங்களில் இருக்கும் மணல்மணலான துகளை அங்கேயும் தூவிய பிறகுதான் அடங்கியது.

இதுவரைக்கும் கைவேலை. அம்மாவின் கன்னத்துக்கு வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது.

சுலபமான வழி, இருக்கிற பாதி முகத்தைத் திருப்பி மறுபாதியில் ஒட்டுவது. நிறைய கடைகளில் அதுதான் நடக்கிறது. ஆனால் ஸ்டுடியோ விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் விழுந்திருக்கிறது. திருப்பினால் இரண்டு கன்னத்திலும் வெளிச்சம் அடிக்கும். எந்த மனிதருக்கும் இரண்டு பாதியும் ஒன்றாக இருப்பதும் இல்லை. ஒட்டிப் பார்த்தால் அம்மன் சிலை மாதிரி ஒரு முகம் வந்தது. அழகுதான், ஆள் வேறு.

சரி, ஏஐயிடம் கொடுப்போம் என்று மங்கிய முகங்களைத் தெளிவாக்கும் ஜிஎஃப்பிகேன் என்ற கருவியில் போட்டேன். 2021இல் வந்தது, இலவசம். கண்ணிமைகூட எண்ணலாம் போல ஒரு முகத்தைக் கொடுத்தது. நெற்றிப் பொட்டைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது! அந்தக் கருவிக்கு முகம் கற்றுக்கொடுத்தது, பிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களை வைத்து. அந்தக் கூட்டத்தில் அறுபதுகளின் தஞ்சாவூர்க் கல்யாணப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அது சேதமான இடத்தைக் கண்டுபிடித்து மீட்பதில்லை. 'இந்த மாதிரி முகங்களில் இங்கே பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்' என்று ஊகித்து வரைகிறது.

கடைசியில் பெரியவரிடமே கேட்டேன். அம்மாவுக்கு வேறு படம் கிடையாதாம். அம்மாவின் தங்கை அச்சு அசலாக அதே ஜாடை என்றார். சித்தியின் நடுவயதுப் படம் ஒன்று கிடைத்தது. வெளிச்சமும் ஓரளவு ஒத்துவந்தது. தாடைக் கோட்டை அதிலிருந்து எடுத்துப் பொருத்திக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு தம்பி. ஆனா இது சித்தி கன்னம். சித்திக்குத்தான் இப்படி உப்பி இருக்கும். அம்மாவுக்கு இங்க ஒட்டி, எலும்பு தெரியும்."

அதற்கப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம், போதும். உதட்டோரம் கீழே இறங்கக்கூடாது, சிரிக்காவிட்டாலும் சிரித்த மாதிரி இருக்கும் என்றார். போலீசில் அடையாளம் கேட்டு வரைவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்.

முடிந்ததும் இரண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்று, கன்னம் வரைந்தது. மற்றது, கறையும் கீறலும் மட்டும் நீக்கி, செல் தின்ற இடத்தை ஒரே சீரான சாம்பல் நிறத்தில் விட்டது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். எது படம், எது என் கைவேலை என்று பார்த்தாலே தெரியும். "மாலை போடுற படத்துல மூஞ்சி பாதியா இருக்கலாமா தம்பி?" என்று முதலாவதைச் சட்டம் போடச் சொன்னார். அவர் சொல்வதும் நியாயம்தான். திருத்தாத அசல் கோப்பு, சாம்பல் விட்டது, வரைந்தது மூன்றையும் பென் டிரைவில் போட்டு, சட்டத்தின் பின்னால் 'தாடைப் பகுதி வரையப்பட்டது' என்று எழுதி ஒட்டினேன். பேரன் பேத்திகள் நாளைக்கு இதைப் பார்த்து, "எனக்குக் கொள்ளுப்பாட்டி தாடை" என்று பேசிக்கொள்வார்கள் இல்லையா?

பெரியவரின் மகன் கலரும் போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக விழலாம். கூறைப்புடவை என்ன நிறம் என்று பெரியவருக்கே தெரியாது. ஏஐ கேட்காமலே ஊதா அடித்திருக்கும்.

இப்படி உங்களிடமும் கதை இருக்கும், எழுதுங்கள்.

மதுரைமல்லி

பொட்டு போனதாவது பரவாயில்லை. எங்கள் அப்பத்தா தண்டட்டி என்ற கனமான காதணி போட்டவர். காது தோள்வரை தொங்கும். அந்தப் படத்தைத் தம்பி மொபைல் ஆப்பில் போட்டுச் சரிசெய்து குடும்பக் குழுவில் போட்டான். காது சுருங்கி, சின்னதாக ஒரு தோடு! அப்பத்தாவைப் பார்த்திராத பிள்ளைகள் எல்லாம் இதயம் போட்டார்கள். அப்பா மட்டும் "யாருடா இந்தம்மா?" என்று கேட்டார். இப்போது முகத்தை ஏஐயிடம் விடுவதே இல்லை. பின்னணி, தரை, சுவர் இவற்றுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன்.

பின்னணிக்கும் ஒரு வழி சொல்கிறேன். அந்தக் கால ஸ்டுடியோக்களில் திரையில் தூண், படிக்கட்டு, தோட்டம் என்று வரைந்து தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பகுதி அழிந்திருந்தால் கற்பனையில் வரைய வேண்டாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் திரட்டி மின்னுருவாக்கியிருக்கிறார்கள். இணையத்தில் பார்க்கலாம். எந்தக் காலத்தில் எப்படித் திரை, எப்படி நாற்காலி, முக்காலிமேல் பூச்சாடியா புத்தகமா என்று எல்லாம் பிடிபட்டுவிடும். நான் ஒரு முக்காலியின் காலை அப்படித்தான் முடித்தேன்.

கோண்டாவிலான்

எங்கட வீட்டுக் கதையில் செல்லும் இல்லை, புயலும் இல்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது, அம்மா சட்டத்தை உடைத்துப் படத்தை நாலாக மடித்து, காணி உறுதியோடு பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தவ. அம்மம்மாவும் அம்மப்பாவும் நிற்கும் படம். மடிப்பு இரண்டும் சந்திக்கும் இடம் அம்மப்பாவின் மூக்கு. மடித்த இடமெல்லாம் மேல்படலம் வெடித்து வெள்ளைக் கோடாகிவிட்டது.

இங்கே கனடாவில் நானே இருந்து செய்தேன். ஒரு விசயம் உதவியது. ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்தாலே வருவதால், மடிப்பின் மேடு பள்ளம் நிழலாக விழும். ஒருமுறை நேராக, ஒருமுறை தலைகீழாகத் திருப்பி ஸ்கேன் செய்து, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் நிழலின் பெரும்பகுதி அழிந்துவிடும். சொரசொரப்பான காகிதத்தில் போட்ட படங்களுக்கும் இது நல்லாய் வேலை செய்யும். மிச்சம் இருந்தது உண்மையாகவே வெடித்த இடம் மட்டும்தான், மெல்லிய கோடு.

மூக்கைச் சரியாக்கினேன். மற்ற மடிப்புகளையும் எடுத்துவிடப் போனபோது அம்மா மறித்துவிட்டா. "அது கிடக்கட்டும், நான் மடிச்சது" என்றா. அதனால் எங்கட வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தில் முகங்களுக்கு மேலே மட்டும் மடிப்பு இல்லை.

பழைய டார்க்ரூம்

எல்லாரும் அசல், அசல் என்கிறீர்கள். நான் ஸ்டுடியோவில் டச்சிங் வேலை, அதாவது படத்தைக் கையால் திருத்தும் வேலை பார்த்தவன், அதனால் ஒன்று சொல்கிறேன்.

நெகட்டிவைச் சாய்வு மேசையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்தில் புள்ளி புள்ளியாக வைப்போம். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்துக் குழி எல்லாம் நிரம்பிவிடும். இடுப்போ கையோ பருமனாகத் தெரிந்தால் பிளேடால் மெல்லச் சுரண்டுவோம், அந்த இடம் கறுத்துப் பின்னணியோடு போய்விடும். கல்யாணப் பெண் படம் இதெல்லாம் செய்யாமல் கடையைவிட்டு வெளியே போனதே இல்லை. பெண் பார்க்க அனுப்பும் படமென்றால் இன்னும் தாராளம்.

அதனால் டெல்டா தம்பி, உங்கள் படத்தில் இருந்த அந்த அம்மாவின் நல்ல கன்னத்தையும் யாரோ ஒரு டச்சிங்காரன் தொட்டிருப்பான். பெரியவர் "எலும்பு தெரியும்" என்று சொன்னது நிஜ அம்மாவை வைத்து. இந்தப் பக்கம் எலும்பு தெரிந்து, அந்தப் பக்கம் தெரியாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

டெல்டாக்காரன்

பார்த்தேன் அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. நல்ல பக்கத்தில் கன்னம் வழவழவென்று நிரம்பியிருக்கிறது, பெரிதாக்கினால் பென்சில் புள்ளிகூடத் தெரிகிறது. பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப நாம போட்டதுதான் நெசம். அதை மாத்தாத" என்றார். மாற்றவில்லை.

புதுசு

என்னிடமும் கண்ணாடியோடு ஒட்டிய படம் ஒன்று இருக்கிறது, தாத்தாவின் பட்டாளத்துப் படம். போன வாரம் மழையில் மறுபடி நனைந்துவிட்டது. கூடவே ஒரு ஆல்பமும். வெயிலில் வைக்கலாமா?

டெல்டாக்காரன்

வெயில் வேண்டாம், சுருண்டு வெடித்துவிடும். ஒட்டிய படத்தைச் சட்டத்தோடு அப்படியே கண்ணாடி கீழே இருக்கிற மாதிரி படுக்கவைத்து, ஃபேன் காற்று படும் இடத்தில் உலரவிடுங்கள். ஆல்பத்துப் படங்கள் இன்னும் ஈரமாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிடவே கூடாது, கட்டியாகிவிடும். ஒவ்வொன்றாகப் பிரித்து, சேறு இருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெல்ல அலசி, முகப்பு மேலே இருக்கும்படி தனித்தனியாகப் பரப்புங்கள். முகப்பை விரலால் தொடாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். பிரிக்க நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். வராதவற்றை இழுக்க வேண்டாம், ஒட்டியது ஒட்டியபடியே போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.