தோட்டத்துச் சிறுத்தைக்கு ரேடியோ பட்டி மாட்டலாமா?

மலையருவி:
இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிஷனில் இந்த மாதம் இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கிப் போய்விட்டது. இரண்டும் லயத்து வீடுகளின் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்திலேயே. விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கவே பயம். இந்தியாவில் புலிக்கு மாட்டுகிற ரேடியோ கழுத்துப்பட்டியை இங்கேயும் மாட்டினால் என்ன? 2009இல் மத்தியப் பிரதேசத்தில் பெஞ்ச் காட்டிலிருந்து பன்னா காட்டுக்குக் கொண்டுவந்த ஆண் புலி, பழைய காட்டைத் தேடித் தெற்கே நடையைக் கட்டியது. பட்டியின் சிக்னலை வைத்துப் பின்தொடர்ந்து திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு பன்னாவில் பிறந்த குட்டிகளுக்கு அதுதான் தகப்பன்.

பனிக்காடு:
அண்ணே, பன்னா சரி. அதே மாநிலத்துக் கூனோ காட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2023 ஜூலை மழையில் அங்கே சிவிங்கிப்புலிகளின் (சீட்டா) கழுத்தில், பட்டிக்கு அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகிப் புழு வைத்தது. உயிரும் போனது. மற்றவற்றின் பட்டியைக் கழற்றி மருந்து போட வேண்டியதாயிற்று. நம் மஸ்கெலியாப் பக்கம் ஜூன் பிறந்தால் கொடியில் போட்ட துணியே நாலு நாள் காயாது. அந்தப் பட்டி எப்படிக் காயும்? அப்புறம் மயக்க ஊசி. ஊசி பட்டதும் சிறுத்தை விழாது, ஓடும். நம் சரிவில் எங்கே போய் விழும்?

மலையருவி:
சிவிங்கிப்புலி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தம்பி. அங்கத்திய குளிர்காலத்துக்கு முடி அடர்ந்திருந்ததும் ஒரு காரணம். புலிக்கு 1973இலிருந்தே நேபாளத்துச் சித்வானில் மாட்டிப் பழகியிருக்கிறார்கள். எடையைத்தான் கவனிக்க வேண்டும். நம் பெண் சிறுத்தை சுமார் முப்பது கிலோதான், புலிப் பட்டி அதற்குப் பாரம். குறித்த நாளில் தானே கழன்று விழுகிற சின்னப் பட்டி இருக்கிறது.

கொழுந்துக்கூடை:
2020 மே மாதம் மஸ்கெலியாப் பக்கத்து நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை, மிருகம் பிடிக்க வைத்த சுருக்குக் கம்பியில்தான் மாட்டியது. இறுகியது கழுத்தில். சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் மூன்றே நாளில் செத்தது. பட்டி போட்டிருந்தால் கம்பி விட்டிருக்குமா? இந்தியாவில் ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் 2010இல் பட்டி போட்ட புலியையே விஷம் வைத்துக் கொன்றார்கள். போன வருடம் எங்கள் மரக்கறித் தோட்ட வேலியில் நானே ஒரு கம்பியைக் கண்டேன். சைக்கிள் பிரேக் கம்பி. துருகூடப் பிடிக்கவில்லை.

மலையருவி:
அக்கா, கம்பியைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் சிறுத்தை எந்த ஓடை வழியாக இறங்குகிறது என்று தெரிந்தால்தானே எந்த வேலியில் தேடுவது என்று தெரியும்?

பனிக்காடு:
அதற்குக் கேமரா போதும். புள்ளியைப் பார்த்தே எந்தச் சிறுத்தை என்று பிரித்துவிடலாம். மரத்தில் கட்டுகிற பெட்டியால் எந்தக் கழுத்துக்கும் புண் வராது.

மலையருவி:
மரத்தைத் தாண்டியது தெரியும். அப்புறம் எங்கே போய்ப் படுத்தது? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற குறுக்குப் பாதைக்கு மேலேயா, இல்லையா? எனக்கு அது தெரிய வேண்டும்.